ஓடுபாதையின் கடைசிப் பெற்றோல்

நாங்கள் நெல் காயவிட்ட தார்த் தரையில் ஒருகாலத்தில் கார்ப் பந்தயம் நடந்தது. இதை எனக்குச் சொன்னவர் அந்தத் தரையின் ஓரத்திலேயே வீடு கட்டியிருந்த ஒரு வயதானவர். எங்கள் குடியேற்றத் திட்டத்தில் கார் வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் எல்லாரும் அவரைக் கார்க்காரர் என்றே சொன்னார்கள். வன்னியில் நான் இருந்த காலம் முழுக்க அந்தப் பந்தயக் கதையை அவர் வாயிலிருந்து கேட்காமல் ஒரு வாரம் போனதில்லை. எழுதுவதற்காக அதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கசக்கிறது.

ஆனாலும் முதலில் அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் காட்டை வெட்டி, கல் பரப்பி, தார் ஊற்றி விமானம் இறங்க ஓடுபாதை போட்டான். சண்டை முடிந்ததும் போய்விட்டான். தாரும் காடும் மிஞ்சின. பல வருடம் கழித்துக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த கார்ப் பைத்தியங்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். நீளமான ஓடுபாதை ஒன்று, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் காட்டுக்குள் போய் ஒன்றாகச் சேரும் சிறு பாதைகள் இரண்டு. மூன்றையும் சேர்த்தால் முக்கோணமாகச் சுற்றி வரலாம். வளைவுகளில் தார்ப் பீப்பாக்களுக்கு வெள்ளை அடித்து நிறுத்தினார்கள். கூடாரம் அடித்தார்கள், ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். சீமாட்டிகள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"காருக்கு ஆமணக்கெண்ணெய் விடுவம். எரியேக்க ஒரு மணம் வரும் பாருங்கோ, சொர்க்கம்!" என்பார் கார்க்காரர்.

சிறு வயதில் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேதிக்குக் கொடுப்பார்கள். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றப்பட்ட அந்த எண்ணெயில் சொர்க்கத்தைக் கண்ட மனிதரை நான் அவர் ஒருவரைத்தான் அறிவேன்.

அந்தப் பந்தயங்களில் அவர் என்னவாக இருந்தார் என்பது கேட்பவரைப் பொறுத்து மாறும். புதிதாக இடம்பெயர்ந்து வந்தவர்களிடம் "நான் ஓட்டினனான்" என்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களிடம் "முதலாளிக்குப் பக்கத்தில இருந்தனான்" என்பார். அவர் முதலாளி வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தார் என்று பக்கத்துப் பழைய ஊரில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார். "றேஸ் நாளில எங்களைக் குளத்துக்குப் போக விடாயினம் தங்கச்சி. குறுக்கால போனால் பொலிசு தடியால அடிப்பான். மாடு ரெண்டு நாள் தண்ணியில்லாமல் பட்டியில நிண்டு கத்தும்," என்றார் அவர். கார்க்காரர் கதையில் குளமும் இல்லை, மாடும் இல்லை. ஒரேயொரு கன்றைத் தவிர.

அந்தக் கன்றுதான் அவர் கதையின் உச்சம். பட்டியிலிருந்து தப்பி ஓடுபாதைக்கு வந்த கன்றை முன்னால் வந்த கார் அடித்துவிட்டது. பந்தயத்தை நிறுத்தவில்லை.

"கண்டு காலை உதறிக்கொண்டு கிடக்குது. பின்னால வாறவங்கள் என்ன செய்தவங்கள் தெரியுமே? அதைச் சுத்தி வளைச்சு வளைச்சு ஓடினவங்கள்! வெள்ளைப் பீப்பாவுக்குப் பதிலா ஒரு கண்டுக்குட்டி!"

இதைச் சொல்லிவிட்டுத் தொடையில் தட்டுவார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பார்கள். மாட்டைத் தெய்வம் என்று பொங்கலுக்குப் பூசை செய்கிறவர்கள்தான் சிரித்தார்கள். நான் எழுந்து போய்விடுவேன்.

தொண்ணூற்றைந்து கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த எல்லாரோடும் சேர்ந்து நானும் மகளும் வன்னிக்கு வந்தோம். என் கணவர் அதற்கு முன்பே கந்தோர் அலுவலாகக் கொழும்புக்குப் போய், பாதை மூடப்பட்டு அங்கேயே நின்றுவிட்டார். அவருடைய தமையனுக்கு வாய்க்கால் திட்டத்தில் கிடைத்த வயற்காணியும் ஒரு கொட்டிலும் சும்மா கிடந்தன. கச்சேரியில், அரசாங்க அலுவலகக் கதிரையில் பதினெட்டு வருடம் இருந்து வேலை செய்த நான் நெல் விதைக்கப் பழகினேன். பக்கத்துக் காணியில் மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து குடியேறிய ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்தான் எனக்கு நாற்றுப் பிடுங்கவும் வரம்பு கட்டவும் காட்டித் தந்தவள்.

ஓடுபாதை அப்போது பாதி புல்லாகிவிட்டது. தார் வெடித்த கோடுகளில் அறுகு முளைத்திருந்தது. ஒரு வளைவில் ஆள் உயரத்துக்குக் கறையான் புற்று. வெள்ளைப் பீப்பாக்களில் இரண்டு மூன்றுதான் மிச்சம், அவற்றிலும் மாடுகளுக்குக் கழனித் தண்ணீர். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுத் தார். அதில் நெல்லைப் பரப்பிக் காலால் கோதிவிடுவோம். மயில் வந்து பொறுக்கும். மற்ற மாதங்களில் பிள்ளைகள் சைக்கிள் பழகுவார்கள். அந்தத் தார் அதன் வாழ்நாளில் மனிதருக்கு உதவியது அந்த வருடங்களில்தான் என்பது என் எண்ணம்.

பெற்றோல் வன்னிக்குள் வர அரசாங்கம் தடை போட்டிருந்தது. மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் உயிர் பிடிக்காது. முதலில் கொஞ்சம் பெற்றோலைக் காட்டித்தான் தொடக்க வேண்டும். சூடு ஏறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, சொட்டுச் சொட்டாக விட்டு உதைப்பார்கள். கார்க்காரரிடம் இருந்த பழைய ஒஸ்ரின் காருக்குச் சொட்டுகள் போதாது. அதனால் குடியேற்றத்தில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு போத்தல் பெற்றோல் சேர்த்தோம். கிடைத்தவன் கிடைத்தபோது ஒரு மூடி, இரண்டு மூடி என்று கொண்டுபோய் ஊற்றினான். அதற்கு நோயாளிப் பெற்றோல் என்று பெயர். சாராயப் போத்தலில் ஊற்றி, பழைய செருப்பு றப்பரை வெட்டி மூடிபோட்டு அடைத்து, கார்க்காரர் வீட்டு விறாந்தைக் கூரை வளையில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். றோட்டால் போகிற எவருக்கும் தெரியும்.

நியாயமாகச் சொல்லவேண்டும். அந்தப் போத்தலாலும் அந்தக் காராலும் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று உயிரோடு வந்தாள். புடையன் பாம்பு கடித்த ஒருவர் பிழைத்தார். சேலைன் ஏற்றுகிற குழாய் ஒன்றை எங்கோ வாங்கி, போத்தலிலிருந்து இயந்திரத்துக்குப் பெற்றோல் போக வழிசெய்திருந்தார் கார்க்காரர். அதனால்தான் அவருடைய கன்றுக்குட்டிக் கதைக்கும் அவ்வளவு மரியாதை.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. தொண்ணூற்றேழு பங்குனியில் அவளுக்கு மலேரியா வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம், காய்ச்சல், வியர்வை, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து விளையாட்டு. நடமாடும் வைத்தியக் குழுவோடு வந்த தாதி குளிசை தந்துவிட்டு என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "காய்ச்சல் தலைக்கு ஏறினால் வலிப்பு வரும் அக்கா. வந்தால் வீட்டில வைச்சுப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. உடன ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கோ. சுணங்கினால் ஆபத்து."

ஆஸ்பத்திரி காட்டு றோட்டால் வெகுதூரம். அன்றிலிருந்து நான் வயலுக்குப் போகும்போதும் வரும்போதும் கார்க்காரர் வீட்டு விறாந்தையைப் பார்த்துக்கொண்டு போனேன். கோவிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல அது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. போத்தல் தொங்கினால் மகளுக்கு ஒன்றும் ஆகாது.

அந்த நேரத்தில்தான் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் சித்திரை வருடப்பிறப்புக்கு என்ன செய்யலாம் என்று கூட்டம் வைத்தார்கள்.

"ஒவ்வொரு வருசமும் கிளித்தட்டும் தலையணைச் சண்டையும்தானே. இந்தமுறை ஓடுபாதையில மோட்டார் சைக்கிள் றேஸ் வைப்பம்."

"மண்ணெண்ணெய்ப் புகையில ஆர் முன்னுக்கு ஆர் பின்னுக்கு எண்டு எப்பிடியடா தெரியும்?"

"இருமல் சத்தத்தை வைச்சுக் கண்டுபிடிப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தலைக்கு மேலே வண்டு என்று நாங்கள் சொல்லும் வேவு விமானம் அடிக்கடி இரைந்துகொண்டு திரிந்த காலம் அது. சனத்தைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பழைய விமான ஓடுபாதையிலா நிறுத்துவது என்று கேட்டேன். "வண்டுக்கும் ஒரு ரிக்கெற் குடுப்பம் அக்கா," என்றான் ஒருவன். மறுபடி சிரிப்பு.

அப்போது கார்க்காரர் எழுந்தார். "முடிவில நான் காரை ஒரு சுத்து ஓட்டிக் காட்டுறன். இந்தத் தலைமுறைக்கு றேஸ் எண்டால் என்னவெண்டு தெரியட்டும்."

"எதில ஓட்டப்போறியள் ஐயா?" என்று நான் கேட்டேன்.

"ஏன் பிள்ளை, தண்ணியிலயே ஓடும்?"

"நோயாளிப் பெற்றோலைத் தொடமாட்டியள்தானே?"

அவர் காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! அது சாமிக்கு எடுத்துவைச்ச மாதிரி. ஓமந்தைப் பக்கத்தால எல்லை தாண்டி வாற ஒராள் எனக்கெண்டு ஒரு போத்தில் கொண்டுவாறான். நீர் உம்மடை பிள்ளையைப் பாரும்."

பந்தயத்தன்று காலையில் மகளுக்குக் காய்ச்சல் இல்லை. தானும் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தாள். தலையில் துணி கட்டி, பாலை மரத்து நிழலில் இருத்தினேன். நெல்லைக் கூட்டி அள்ளிவிட்டார்கள் என்றாலும் ஓரங்களில் கிடந்ததை எல்லாரும் மிதித்தார்கள். ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள். புகை வெள்ளையாகவும் கறுப்பாகவும் பிள்ளைகளின் முகத்தில் அடித்தது. புற்று இருந்த வளைவில் ஒருவன் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். பக்கத்துக் காணிப் பெண்ணின் தம்பி, கலியாணமாகி இரண்டு பிள்ளைகளின் தகப்பன், எல்லாருக்கும் கடைசியாக வந்தான். மற்றவர்கள் இயந்திரம் திணறும்போதெல்லாம் கண்மருந்துப் போத்தலைப் பிதுக்கிப் பெற்றோல் காட்டினார்கள். அவன் அந்த நேரமெல்லாம் கால் வைத்துத் தள்ளினான்.

"டேய், கட்டைவண்டில் வருகுது, வழிவிடுங்கோடா!"

"மலையில இறக்கத்திலதான்ரா இவன் பழகினவன். இஞ்ச இறக்கத்துக்கு எங்க போறது?"

அவன் அக்கா என் பக்கத்தில் நின்றாள். "சிரிக்கட்டும்க்கா," என்றாள். "இவங்க சிரிக்கிறதுக்குன்னு நம்மளப் படைச்சிருக்கு."

பிறகு கார் வந்தது. முன்புறத்தில் செவ்வரத்தம் பூ மாலை. கார்க்காரர் தொப்பி போட்டிருந்தார். அன்று எங்கிருந்தோ ஆமணக்கெண்ணெயும் தேடிப் பிடித்து இயந்திரத்தில் ஊற்றியிருந்தார். ஒரு சுற்று என்றவர் நிறுத்தவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். சனம் விசிலடித்தது. காரின் பின்னால் மண்ணெண்ணெய்ப் புகை துளியும் இல்லை. நீலமாக மெல்லிய ஒரு புகை, அதில் நான் சிறுவயதில் வாந்தியெடுத்த அந்த எண்ணெயின் மணம்.

சுத்தமான பெற்றோலில் ஓடுகிறது என்பது எனக்கு விளங்கியது. மகளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு நேரே கார்க்காரர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் போத்தல் தொங்கியது. நிறைந்திருந்தது. முன்பு கழுத்துக்குக் கீழே நின்றது, இப்போது கழுத்துவரை. ஓமந்தையிலிருந்து வந்ததில் தன் பங்கையும் ஊற்றியிருக்கிறார் மனிசன் என்று நினைத்தேன். அவசரப்பட்டுச் சந்தேகித்துவிட்டேனே என்று மனதுக்குள் அவருக்கு நன்றியும் சொன்னேன். நடந்த எல்லாவற்றிலும் இன்றுவரை எனக்கு அதிகம் அருவருப்பைத் தருவது அந்த நன்றிதான். வாய்க்குள் பூச்சி போய்விட்டதுபோல் இருக்கிறது.

அடுத்தநாள் காலை தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். குசினிக்குப் பின்னால் பாயில் கிடந்த மகள் என்னவோ சொல்வதுபோல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கண் மேலே செருகியிருந்தது. கையும் காலும் இழுத்தன. வாயோரத்தில் நுரை. கூப்பிட்டேன். அவள் அங்கே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் என் அலறலைக் கேட்டு ஓடிவந்து அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். நான் கார்க்காரர் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மாலை வாடிய காரைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, பிள்ளைக்கு வலிப்பு! காரை எடுங்கோ!"

அவர் எழும்பினார். காரைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் "பொறும் பிள்ளை, பொறும்," என்றார். நான் பொறுக்கவில்லை. கதிரையில் ஏறிக் கயிற்றை அறுத்துப் போத்தலை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கினார். றப்பர் மூடியைக் கழற்றினார். குழாயைச் செருகி, போத்தலை உயர்த்திப் பிடிக்கும்படி என் கையில் தந்தார். முன்னால் போய் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினார். கார் இருமியது. மறுபடி சுற்றினார். வியர்த்து ஒழுகியது. மறுபடியும் சுற்றினார். "நேற்றுக் கனக்க ஓடினது, களைச்சுப்போச்சு. இப்ப வரும்," என்றார். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சுற்றினார். என் பிள்ளை அங்கே இழுத்துக்கொண்டு கிடக்க, என் முன்னால் நின்று அந்த மனிதர் நடித்தார்.

குழாயின் ஓரத்தில் கசிந்து என் உள்ளங்கையில் சொட்டியது. பெற்றோல் கையில் பட்டால் குளிரும், ஊதுவதற்கு முன் காய்ந்துவிடும். இது குளிரவில்லை. காயவுமில்லை. பிசுபிசுத்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

மண்ணெண்ணெய்.

"இதென்ன?" என்று கேட்டேன்.

கம்பியைச் சுற்றிய கை நின்றது. "கோவிக்காதையும் பிள்ளை. ஓமந்தைக்காரன் வரேல்லை. சனத்துக்குச் சொல்லிப்போட்டன், ஓட்டாமல் விடேலுமே? போத்தில் வெறுமையாத் தொங்கினால் சனம் பயப்படும். அதுதான் இதை விட்டு வைச்சனான். ரெண்டு கிழமையில நிரப்பியிருப்பன்."

சனம் பயப்படக் கூடாது என்று மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தவர். நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த வார்த்தைகளை நான் பாவிப்பேன் என்று தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று பிறகு அவரே ஊருக்குச் சொல்லித் திரிந்தார்.

நான் திரும்பி ஓடிவரும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணின் தம்பி மோட்டார் சைக்கிளை ஓடுபாதைக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். முதல்நாள் எல்லாரும் பிதுக்கித் தீர்த்துவிட்டார்கள். கடைசியாக வந்தவனுடைய கண்மருந்துப் போத்தலில் மட்டும் பாதி மிச்சம் இருந்தது. அதை முழுவதும் இயந்திரத்துக்குள் ஊற்றினான்.

"ஏறுங்கக்கா. புள்ளய நடுவுல வச்சு இறுக்கிக் கட்டுங்க."

அவன் அக்கா தன் சேலையை அவிழ்த்து, உள்பாவாடையோடு நின்றுகொண்டு, எங்கள் மூன்று பேரையும் சுற்றிக் கட்டினாள். பக்கத்துக் கொட்டில்களிலிருந்து வந்தவர்கள் பின்னால் பிடித்துத் தள்ளினார்கள். தார் நேராக இருந்ததால் வண்டி ஓட்டம் பிடித்தது. வெடித்தது, திணறியது, பிறகு உயிர் பிடித்தது. அந்தப் பந்தயத் திடலில் நான் பார்த்த ஒரே உண்மையான ஓட்டம் அதுதான். அதைப் பார்க்க ஒருவரும் விசிலடிக்கவில்லை.

"புள்ள மூச்சு விடுதான்னு பாத்துக்கிட்டே இருங்கக்கா," என்று அவன் காட்டு றோட்டு முழுக்கக் கத்திக்கொண்டு வந்தான். பள்ளத்தில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் கத்தினான். நான் அவள் முதுகில் என் கன்னத்தை வைத்து அழுத்தியிருந்தேன். முதுகு ஏறியது, இறங்கியது. ஏறியது. நான் வேறு ஒன்றையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி என்பது கிடுகு வேய்ந்த நீளமான கொட்டில். கொயினா என்ற மலேரியா மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றினார்கள். கட்டிலின் மேல் கம்பியில் போத்தல் தொங்கியது, அதிலிருந்து குழாய் இறங்கியது. கார்க்காரருடைய காரில் இருந்த அதே மாதிரிக் குழாய். அந்தப் போத்தலுக்குள் உண்மையிலேயே மருந்துதான் இருக்கிறதா என்று நான் தாதியிடம் கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஒவ்வொரு புதுப் போத்தலுக்கும் கேட்டேன்.

மகள் கண் திறந்தாள். என்னை அடையாளம் கண்டாள். கஞ்சி குடித்தாள். பிழைத்துவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டுக்கு விடும் நாளன்று, இடப்பக்கத்தில் நின்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை என்பதைக் கவனித்தேன். வைத்தியர் இரண்டு காதுகளுக்குப் பக்கத்திலும் விரலைச் சொடுக்கிப் பார்த்தார்.

"இடது காது கேக்காது அம்மா."

"சுணங்கினதாலயா ஐயா?"

"சொல்லேலாது. காய்ச்சலாலயும் இருக்கலாம். மருந்தாலயும் இருக்கலாம். சுணங்கினதாலயும் இருக்கலாம்."

அந்த மூன்று 'லாம்'களோடு நான் வீட்டுக்கு வந்தேன். இன்றும் அவற்றோடுதான் இருக்கிறேன். முதலாவது என்றால் விதி என்று விடலாம். மூன்றாவது என்றால் ஒரு மனிதரைச் சாகும்வரை வெறுக்கலாம். எது என்று ஒருவராலும் சொல்ல முடியாதபோது வெறுப்பு இறங்க ஓரிடம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கார்க்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். "பிள்ளை தப்பியிட்டுதுதானே, கடவுளே," என்றார். பிறகு, "நான் ஒண்டும் களவெடுத்து விக்கேல்லைப் பிள்ளை. சனத்துக்குத்தானே ஓட்டிக் காட்டினனான். எல்லாரும் சந்தோசப்பட்டவை. நீரும் கை தட்டினனீர்தானே?" என்றார்.

நான் கை தட்டவில்லை. வாழைப்பழத்தை மாட்டுக்குப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போட்டேன்.

ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். "அண்டைக்குப் பிரசவத்துக்கு ஆர் அக்கா கொண்டுபோனது? அவர்தானே," என்றார் ஒருவர். "வயசுபோன மனிசன். ஒரு ஆசையில செய்திட்டார்," என்றார் இன்னொருவர். "பிள்ளை தப்பியிட்டாள்தானே," என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் வாயிலிருந்து 'தப்பியிட்டாள்' என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கன்று நினைவுக்கு வந்தது. காலை உதறிக்கொண்டு கிடக்கிறது. எல்லாரும் அழகாகச் சுற்றி வளைத்துப் போகிறார்கள். நோயாளிப் பெற்றோலை மறுபடி சேர்க்கலாம் என்றார்கள். எங்கே தொங்கவிடுவது என்று வந்தபோது, பழைய இடத்திலேயே என்று முடிவாயிற்று. கார் அங்கேதானே நிற்கிறது.

வருடங்கள் போயின. சண்டை கிட்ட வந்தது, தள்ளிப் போனது. கார்க்காரர் கதைக்குப் புதிய முடிவு ஒன்று சேர்ந்தது. வெள்ளைக்காரன், முக்கோணம், குடை, ஆமணக்கெண்ணெய், கன்று, பிறகு அந்தச் சித்திரை. 'கடைசி ஓட்டம்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். அடுத்த நாள் ஒரு பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டு பறந்ததும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டது. "இந்தத் தாரில ஓடித்தான் அந்தப் பிள்ளை தப்பினது," என்று முடிப்பார். போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. விட்டுவிட்டுச் சொன்னார், அவ்வளவுதான். ஓடுபாதையின் வரலாறு என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்தது அப்படி விட்டுவிட்டுச் சொன்னதுதான்.

என் மகளுக்கு அந்தக் கதை பிடித்திருந்தது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. அதில் தானும் வருகிறாளாம். நெல் கோதும்போது நின்று கேட்பாள். நான் கூப்பிட்டால் "பொறுங்கோ அம்மா, நான் வாற இடம் வரப்போகுது," என்பாள். போத்தல் விஷயம் அவளுக்குத் தெரியும். நான் ஒளித்ததில்லை.

இரண்டாயிரத்தொன்றில், மாசிமாத அறுவடை முடிந்து நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். நாயாற்றுப் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றுகிற மூன்று பேர் பாலை மரத்தடியில் களைப்பாறினார்கள். புதிய காதுகள். கார்க்காரர் விடுவாரா? பீப்பாவைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு வெள்ளைக்காரனிலிருந்து தொடங்கினார். கன்றுக்குட்டிக்கு அவர்களும் சிரித்தார்கள். கடைசி ஓட்டம் வந்தது.

"சுத்தப் பெற்றோல் தம்பி! ஒரு பொட்டுப் புகை இல்லை!"

மகள் காலால் நெல்லைக் கோதிக்கொண்டு அவருக்குக் கிட்டே வந்துவிட்டாள். பதினான்கு வயது. பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"தாத்தா, போத்தில் கதையை விட்டிட்டியள்," என்றாள்.

அவர் கையை வீசினார். "அது சின்னக் கதையடி பிள்ளை."

"என்ன தாத்தா? கேக்கேல்லை."

"சின்னக் கதை எண்டுறன்."

"கேக்கேல்லைத் தாத்தா. எனக்கு இந்தக் காது கேக்காதெல்லே." அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "போத்திலுக்குள்ள என்ன இருந்தது?"

கருவாட்டுக்காரர்கள் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் நெல்லைப் பார்த்தேன்.

"மண்ணெண்ணெய்," என்றார் அவர், மெல்ல.

"என்ன?"

"மண்ணெண்ணெய்!"

"கேக்கேல்லை. பலத்துச் சொல்லுங்கோ. ஆர் விட்டது?"

"நான்தான்! நான்தான் மண்ணெண்ணெய் விட்டு வைச்சனான்!" என்று அவர் கத்தினார். கிழட்டுக் குரல் தாரில் பட்டு ஓடுபாதை முழுக்கப் போயிற்று. தூரத்துத் துண்டுகளில் நெல் கோதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மயில் இரண்டு எழும்பிப் பறந்தன.

"இப்ப கேட்டுது," என்றாள் மகள். திரும்பி வந்து நெல்லைக் கோதத் தொடங்கினாள்.

"என்ன போத்தில் அண்ணை?" என்று கருவாட்டுக்காரரில் ஒருவர் கேட்டார். கார்க்காரர் பீப்பாவிலிருந்து எழும்பி வீட்டுப் பக்கம் நடந்தார்.

எனக்கு ஆறுதல் வரவில்லை. வரும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கத்திக்கொண்டு நின்ற அந்தப் பல்லில்லாத வாயைப் பார்க்கவும் அருவருப்பாகத்தான் இருந்தது. மகளிடம் போய், "வெயில் இறங்குது, குவிப்பம் வா," என்றேன். அவளோடு நடக்கும்போதும் இருக்கும்போதும் நான் எப்போதும் வலப்பக்கமாகத்தான் போவேன். அவளுக்குக் கேட்கிற பக்கம் அது. யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்ப்பது போத்தலைப் பார்த்ததுபோலவே எனக்குப் பழகிவிட்டது. அதனால்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பீப்பாவில் இருந்தது அவளுடைய வலப்பக்கம்.